உப்புப் போட்ட பூசணிப்பூ வறை

அன்பு மகள் அனோஜினி அறிவது,

அப்பா எழுதுகிறேன். ஓம், நான்தான், எனக்காக வேறு யாரும் எழுதவில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் பேர்கனில் நோய் நொடி இல்லாமல் இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், அம்மா உனக்குப் போட்ட கடிதம் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும், ஆனால் நான் இப்போதுதான் எழுதப் பழகியவன், பொய் எழுத இன்னும் பழகவில்லை. ஒரு வரி முடிய எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. ழ எழுதப்போனால் கை எங்கேயோ சுற்றிப்போட்டு வருகிறது. என்றாலும் மகள், மனதில் நினைத்த ஒன்று தாளில் ஏறி நின்று என்னைத் திருப்பிப் பார்க்கிறபோது வருகிற சந்தோசம் சொல்ல முடியாது, மருமகள் ஜெனோஜா கூடச் சொன்னாள் மாமா எழுதும்போது தனியச் சிரிக்கிறார் என்று. அந்தச் சந்தோசத்தை இந்தச் செய்திக்கா செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் மனவருத்தம். தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன், குரல் வரவில்லை, நீயும் அழுதுவிடுவாய், பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைத்திருக்க மாட்டோம். எழுதி முடித்ததும் ஜெனோஜா படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். வேலை இடத்தில் திறக்காதே. வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து வாசி.

அம்மாவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மெசினில் விட்டு இரத்தம் சுத்தம் செய்வது உனக்குத் தெரியும். நானும் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். அங்கேதான் எனக்கு எழுத்துப் பழக்கினார், ஊசி குத்தாத கையால் கடை விளம்பரத் தாள்களின் ஓரத்தில் எழுதி எழுதி. சும்மா என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன காணப்போறியள், இதையெண்டாலும் பாருங்கோ என்றுதான் தொடங்கினார். என் பெயரை முதல்முதல் பிழை இல்லாமல் எழுதிய அன்று பிலிப்பைன்ஸ் நேர்ஸ் பிள்ளை என் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டாள், சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டபிறகு ஒட்டுவது, நான் அதோடேயே பஸ்ஸில் வந்தேன். ஆனால் இந்த வருசம் பிறந்ததில் இருந்து அம்மா சாப்பிடுவதில்லை. எதை வாயில் வைத்தாலும் இரும்பு நக்கினது போல இருக்குது என்பார். உப்புக் கூடாது, வாழைப்பழம் கூடாது, தேங்காய் கூடாது, தண்ணீரும் அளந்துதான். அவருடைய ஒரு நாள் தண்ணீரைக் காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைப்போம், அது முடிந்தால் முடிந்ததுதான். வாழ்நாள் முழுக்க மன்னார் உப்பளத்தில் நின்றவன் நான், என் பெண்சாதிக்கு உப்பில்லாத கறி குழைத்துக் கொடுக்க வேண்டி வந்ததே என்று நினைப்பேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சும்மாவே சொன்னவை என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். எலும்பும் தோலுமாகப் போய்விட்டார் மகள், நீ போனில் பார்ப்பது முகம் மட்டும்தான், அதுவும் அவர் தலையணையைச் சரிசெய்து, லைட்டைப் போட்டுவிட்டுத்தான் காட்டுவார்.

கறிக்கு வாங்கிய பூசணிக்காயின் விதையை எடுத்து நான் பின்வளவில் ஊன்றியிருந்தேன். நாங்கள் இருக்கிற பிளாக்டவுன் மண் களிமண், என்றாலும் கொடி ஓடினது ஓட்டம், புல்லை மூடி, தகர வேலியில் ஏறி, பக்கத்து வீட்டுக்காரனையும் எட்டிப் பார்த்தது. அம்மா குசினி யன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மொட்டு வந்தபோது, முதல் வாறது எல்லாம் ஆண்பூத்தானே, பறிச்சு எனக்கு ஒரு வறை வறுத்துத் தாங்கோ என்றார். இத்தனை மாதத்தில் இது வேணும் என்று அவர் வாயால் கேட்டது அது ஒன்றுதான், எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. வாடகை வீட்டில் அனுமதி கேட்காமல் ஒன்றும் ஊன்றக்கூடாதாம், புல்லும் பழுதாகிப்போச்சுதாம். நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் தம்பி எறிக், கொடி முழுவதையும் பிடுங்கிப் பச்சை மூடிக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டான். பூ விரிய இன்னும் ஓரிரண்டு நாள்தான் இருந்தது. நான் அவனோடு கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, என்ன செய்யிறது அப்பா, இந்த வீட்டையும் விட்டால் அம்மாவை வச்சுக்கொண்டு எங்க போறது என்றான். அவன் சொன்னதிலும் பிழை இல்லை. தம்பியோடு நீ இதற்காகக் கோபிக்காதே.

போன புதன்கிழமை மெசினில் விட்டதும் அம்மா என்னிடம், இஞ்சாருங்கோ, இண்டைக்கு எனக்குப் பக்கத்தில இருக்க வேண்டாம், போய்க் கடைகளில பூசணிப்பூ இருக்கோ எண்டு பார்த்துக்கொண்டு வாங்கோ என்றார். நான் துள்ளிக்கொண்டு போனேன். பிளாக்டவுனில் எங்கட ஆட்களின் கடை, இந்தியன் கடை, வியட்நாம்காரர் கடை ஒன்றும் விடவில்லை, ரெயில் ஏறிப் பெண்டில் ஹில்லுக்கும் போனேன். முருங்கைக்காய் இருக்கிறது, வாழைப்பூ கூட இருக்கிறது, ஐஸில் வைத்தது. பூசணிப்பூ இல்லை. ஒரு கடைக்காரப் பொடியன், ஐயா பூ எண்டால் மல்லிகைதான், அதுவும் வெள்ளிக்கிழமை வாங்கோ, யாருக்கு ஐயா, அம்மாவுக்கோ என்று கண்ணடித்தான். ஓம் தம்பி, தலையில வைக்க இல்லை, தின்ன என்றேன், அவன் வாயைப் பொத்திக்கொண்டான். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அம்மா என்றைக்கும் இல்லாத தெளிவோடு நேர்ஸோடு சிரித்துக்கொண்டு இருந்தார். பரவாயில்லை, நீங்கள் திரிஞ்சதே காணும் என்றார். எனக்கு அந்தத் தெளிவு பிடித்திருந்தது. நான் ஒரு முட்டாள், நல்லதுக்கு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதைக்கு ஜெனோஜாவோடு கோவிலுக்குப் போனேன். அங்கே மோல்ட்டா நாட்டுக் கிழவி ஒருவர் வருவார், கார்மெலா என்று பெயர், தன் தோட்டத்துத் தக்காளியைக் கோவில் வாசலில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பார். ஜெனோஜா அவரிடம் பூவைப் பற்றிக் கேட்டாள். ஜெனோஜா முடிக்க முதலே அவர் ஐந்து விரலையும் குவித்துப் பூப்போல விரித்து, பிறகு வாயில் வைத்து முத்தமிட்டுக் காட்டினார். தாங்களும் தின்கிறவர்களாம், முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்களாம். விடிய வரச்சொன்னார், வெயில் ஏறினால் பூ வாய் மூடிப்போடுமாம். சனிக்கிழமை விடிய ஜெனோஜா என்னைக் காரில் கொண்டுபோனாள். மகள், அந்தத் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாக் கவலையும் விட்டுப்போனது. பனி ஈரத்தோடு மஞ்சள் மஞ்சளாக விரிந்து கிடந்தது. கிழவி முதலில் அடியில் பிஞ்சு இருந்த பூக்களைப் பிஞ்சோடு சேர்த்து வெட்டப் பார்த்தார், அவர்களுக்கு அதுதான் விருப்பமாம். நான் கையைப் பிடித்து மறித்தேன். பிஞ்சு வைத்த பூவை நாங்கள் தொடுவதில்லை என்று ஜெனோஜாவைக் கொண்டு சொல்லுவித்தேன், அது தாயும் பிள்ளையும். மெல்லிய காம்போடு தனியே நிற்கிற ஆண்பூவாகப் பார்த்து, தேனீக்களுக்கும் கொஞ்சம் விட்டுவிட்டுப் பறித்தேன். கிழவி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆம்பிளையளை வெட்டுறதில மாமாவுக்குக் கவலையே இல்லையாம் என்று ஜெனோஜா சொன்னாள். அன்று நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

சமைத்தது நான்தான். அம்மா குசினிக்குள் கதிரை போடச்சொல்லி வந்து இருந்துகொண்டார். காம்பில் நார் உரித்து, அடியில் இருக்கும் பச்சை இதழைக் கிள்ளி, நடுவில் நிற்கிற மஞ்சள் தண்டைப் பிடுங்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் கயர்க்கும், நீ மறந்திருப்பாய். ஒரு பூவுக்குள் தேனீ ஒன்று மயங்கிக் கிடந்தது, அதை யன்னலில் விட்டேன். வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு தாளித்து, பூவைக் கையால் கிழித்துப் போட்டு, மஞ்சள் தூவி இரண்டு பிரட்டு. அதற்கு மேல் அடுப்பில் விட்டால் கூழாகிப்போகும். இறக்கப்போகும்போது அம்மா, துருவின தேங்காய்ப்பூ போடுங்கோ, உப்பும் அளவாய்ப் போடுங்கோ என்றார். நேர்ஸ் சொன்னதெல்லோ என்றேன். நேர்ஸுக்கோ வறை வறுக்கத் தெரியும், போடுங்கோ, பண்டம் பண்டமாய் இருக்கட்டும் என்றார். நான் போட்டேன். என் கையாலேயே போட்டேன். அம்மா சாப்பிட்டார் மகள், சோற்றைப் பிசைந்து, விரலை வழித்து, இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டி. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வாய் திரும்பிவிட்டது, இனி உடம்பும் திரும்பும், இதை வைத்துத்தான் அனோஜினிக்கு என் முதல் கடிதம் எழுதப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா எழும்பிப் போய், அளந்து வைத்த போத்தலைத் தொடாமல், பைப்பைத் திறந்து பெரிய கிளாஸ் நிறையப் பிடித்து, மடக்கு மடக்காகக் குடித்தார். நான் அதையும் சிரித்துக்கொண்டு பார்த்தேன். ஜெனோஜாதான் கழுவின சட்டியைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளை, அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் அம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். திங்கட்கிழமை நான் போகேல்லை, இனிப் போகவே மாட்டன், டொக்டரோட கதைச்சுப்போட்டன் என்றார். எப்போது கதைத்தாய் என்று கேட்டேன். புதன்கிழமையாம். நான் கடை கடையாகப் பூ கேட்டுத் திரிந்த நேரம், போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து எல்லாம் கதைத்து முடித்திருக்கிறார். நீங்கள் பக்கத்தில இருந்தால் எனக்கு வாய் வந்திராது என்றார். அப்ப பூ வேணும் எண்டது பொய்யோ என்று கேட்டேன். இல்லை, அதுவும் உண்மைதான், ரெண்டும் உண்மை என்றார். நான் காலில் விழாத குறை. ஏசினேன், மாதாவின் பெயரைச் சொன்னேன், உன் பெயரைச் சொன்னேன். கையைக் காட்டினார், ஊசி ஏறி ஏறிக் கயிறு போல வீங்கிக் கிடக்கும் அந்தக் கையை. இதுக்கு மேல எங்க குத்துறது, சொல்லுங்கோ என்றார். எறிக் விம்மிக்கொண்டு, நான் கொடியைப் பிடுங்கினதாலயோ அம்மா என்று கேட்டான். விசரா, பூசணிக்கொடிக்கு ஆரும் சாவினமோ என்று அவனுடைய தலையைத் தடவினார். ஞாயிறு பாதர் வந்து அம்மாவுக்கு எண்ணெய் பூசிச் செபித்தார், மெசினை விடுவது பாவமில்லை என்றும் எனக்கு விளங்கப்படுத்தினார். பாவமோ புண்ணியமோ என்று நான் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை விடிய எழும்பி, உடுப்பு மாற்றி, அம்மாவின் செருப்பை எடுத்துக் கதவடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மெசின் நேரம் வந்தது, போனது. பிறகு அம்மாவே வந்து செருப்பைத் திருப்பி உள்ளே வைத்தார்.

இந்தக் கடிதத்தை ஞாயிறு தொடங்கினேன், இன்று செவ்வாய். இப்போது வீட்டில் நடப்பதையும் சொல்லவேண்டும். அம்மா சாப்பிடுகிறார். கருவாட்டுக் குழம்பு, வாழைப்பழம், உப்பும் தூளும் போட்ட மாங்காய், எதையெல்லாம் கூடாது என்று வைத்திருந்தோமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார், கொஞ்சம் கொஞ்சம்தான், ஆனால் ஆசையாக. வீடு முழுக்கப் பொரியல் வாசம், பெருநாள் வீடு போல. எனக்கு ஒரு வாய் இறங்குவதில்லை. அவர் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, முன்னே கோப்பையைத் தள்ளிவிட்ட நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று இருக்கிறது. கன நாள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார், வலி இருக்காதாம், நித்திரை கூடிக்கூடி வருமாம். நேற்றே பகலில் கண் சொருகினார். நான் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன், ஏன் எழுப்பினியள் என்று கேட்டார், சும்மா என்றேன். நீ வந்து கேட்டால் மனம் மாறுவார் என்று எழுதத்தான் ஆசை. மாறமாட்டார் மகள். என்றாலும் நீ வந்து ஒருக்கால் கேள், எனக்காகக் கேள்.

ஆடி மாதத்துக்கு எடுத்த டிக்கெட்டை மாற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மருமகன் பார்த்துக்கொள்ளுவார், அவருக்கு என் அன்பைச் சொல்லு. எந்த நேரம் இறங்கினாலும் எறிக் வந்து ஏற்றுவான். வருகிற வழியில் அழுது முடித்துவிட்டு வா, அம்மாவுக்கு முன்னால் வேண்டாம், அதற்கு நான் ஒருவன் காணும். மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் சேலைத் தலைப்பால் மூடிக் காக்கட்டும். என் பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. எழுதுகிறேன் என்றதும் அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். போனமுறை நீ கொண்டுவந்து, உப்புக் கூடாது என்று நாங்கள் அவரைத் தொடவிடாத அந்த நோர்வே மண்ணிறச் சீஸ் இருக்கிறதே, அதில் ஒரு கட்டி வாங்கிக்கொண்டு விரைவாக வரட்டாம். சீஸ் அம்மா சொன்னது. விரைவாக என்பது நான் சேர்த்தது.

இப்படிக்கு
உன் அப்பா
சுவாம்பிள்ளை