ஒரு விரல் குறைந்த போத்தில்

அன்புள்ள கள்ள மச்சான் தேவனுக்கு,

படத்துக்குள் இருந்துகொண்டு சிரிக்காதே. நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நீதான் குடித்தாய் என்று இத்தனை வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் நீ என்னையல்லவா கள்ளனாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அந்த இத்தாலிப் போத்திலைத்தான் சொல்கிறேன். கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஓய்வுபெற்றபோது எங்கள் மேற்பார்வையாளர் தந்தாரே, பரோலோ. சிவப்பு வைன். "பதினைஞ்சு வருஷம் படுக்கவையுங்கோ, அதுக்குப் பிறகு திறவுங்கோ" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம். இரண்டு பேருக்கு ஒரு போத்தில், அதையும் இப்போது குடிக்கக்கூடாது. பதினைந்து வருடத்தில் நாங்கள் போய்விடுவோம், போத்திலைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறான் என்றேன்.

"பொறடா, இப்ப குடிச்சா நாக்குத் தடிக்குமாம்" என்றாய் நீ. வெள்ளைக்காரன் சொன்னால் உனக்கு எல்லாம் சரி.

உன் மனுசி, என் தங்கச்சி பூமணி, சாமிப்படம் இருக்கிற வீட்டில் அதை வைக்க விடவில்லை. என் வீட்டு நிலவறைக்கு வந்தது. நிலவறைப் பூட்டின் திறப்பு ஒன்று உன்னிடமும் இருந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது.

உன்னை எனக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மூடி வைத்தவன் நீ. போத்திலை நிமிர்த்தி, வைன் நிற்கிற மட்டத்தில் கறுப்புப் பேனையால் ஒரு கோடு போட்டேன். வருடத்துக்கு ஒருதரம் பார்த்தேன். குறைந்துகொண்டே போனது. மூடி உடையவில்லை, தகரத்தாள் கிழியவில்லை. எப்படியடா எடுக்கிறான் என்று நித்திரை வராமல் யோசித்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீயே கேட்டாய்.

"போத்தில் எப்பிடியடா கிடக்கு?"

"அது உனக்கெல்லோ தெரியும்."

நீ சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். பிடிபட்டவன் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். செத்தவீட்டில் எல்லாரும் அழ, நான் உன் பெட்டியைப் பார்த்து "எத்தனை வாய் குடிச்சனி?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இந்த மாதத்தோடு பதினைந்து வருடம். நீ போய் ஒரு வருடம், உன் ஆட்டைத் திவசமும் வந்தது. திறப்பதற்கு முதல் ஒருவரிடம் காட்டவேண்டும் என்று உன் மகள் கவிதாவிடம் சொன்னேன். "கொப்பர் குடிச்சுப்போட்டுத் தண்ணி விட்டிருப்பார், பிள்ளை." அவள் டேனிஷில் ஏசினாள். தமிழில் ஏசினால் மாமாவுக்கு மரியாதை இல்லையாம். ஏசிக்கொண்டே தன் ஊர் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு வைன் கடைக்குக் கூட்டிப்போனாள்.

கடைக்காரர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒருவரும் திறக்கவில்லை என்றார். தக்கை மூச்சு விடுமாம், வருடம் போகப்போக வைன் தானாகவே குறையுமாம். ஆனால் இவ்வளவு குறையாதே, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்தில."

அவர் நெற்றியில் கை வைத்தார். இத்தாலிக்காரன், டென்மார்க் குளிர் தாங்கமாட்டான் என்று அங்கே வைத்தவன் நீதானே? நானும் ஓம் என்றேன். குளிர்ந்த இடத்தில் கிடந்திருந்தால் இன்னும் பத்து வருடம் நின்றிருக்குமாம். இதை இந்தக் கிழமைக்குள்ளேயே குடித்துவிடச் சொன்னார்.

பிறகு போத்திலைத் திருப்பினார். "பின்னாலே இது என்ன எழுத்து?"

நான் ஒருநாளும் பின்பக்கம் பார்த்ததில்லை, மச்சான். என் கோட்டுக்கு அரைவிரல் கீழே உன் கோடு. அதன்கீழே உன் கோழிக்கிறுக்கல். கவிதா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

"இதுக்குக் கீழ போனா, குடிச்சது சின்னராசா."

சின்னராசா நான்தானே! அப்போ நீ என் கோட்டைக் கண்டிருக்கிறாய். அதுக்குக் கீழே குறைந்திருந்ததையும் கண்டு, நான் குடித்துவிட்டு உன் தலையில் கட்டப்போகிறேன் என்று நினைத்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் சிரித்தது அதுக்குத்தானா? கள்ளன் வந்து பக்கத்தில் இருந்து கை பிடிக்கிறான் என்றா? பிறகு ஏன் என் கையை விடாமல் வைத்திருந்தாய்?

திவசம் முடிந்து ஐயர் போனபிறகு திறந்தோம். நிறம் சிவப்பில்லை, ஓரமெல்லாம் செங்கல் மாதிரி. முதல் வாய் நாவல்பழம் தின்ற நாக்குத்தான். றோட்டுக்குத் தார் ஊற்றுகிற மணம் வேறு. ஏமாற்றிவிட்டான் என்றேன். "ஒரு மணித்தியாலம் விடுங்கோ மாமா" என்றாள் கவிதா. விட்டேன். அந்தத் தாருக்குள்ளே இருந்து ரோசாப்பூ வந்தது. இதுவும் உன் வேலையோ என்று படத்தைப் பார்த்தேன்.

உன் படத்துக்கு முன்னால் உனக்கும் ஒரு கிளாஸ் வைத்திருக்கிறோம். பூமணி முகத்தை மட்டும் திருப்பினாள், எடுக்கச் சொல்லவில்லை. உன்னிடம் இருந்த நிலவறைத் திறப்பைத் திருப்பித் தந்தாள். நான் வாங்கவில்லை. அது உன்னுடையது, உன் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும். இனி உன் சாமானில் நான் கோடு போடமாட்டேன், இது சத்தியம்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உன்னிடம் அப்படிச் சொன்னதுக்கு நான்... படத்துக்குள் இருந்து எங்கேயடா எழும்புகிறாய்? சண்டை பிடித்தால்தான் பாதியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடப்பாய். மன்னிப்புக் கேட்டாலுமா? நில்லடா, நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை...

பூமணியை உனக்குத் தந்த,
உன் மச்சான்
சின்னராசா