யாரும் கூப்பிடாத பகுதி

ஜனவரி 12
லோரி கம்பெனியில் மூன்றாவது வாரம். எந்த லோரி எப்போது, எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பழைய மென்பொருள். எழுதியவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, புண்ணியவான்! நிரலைப் படித்து, எந்தப் பகுதி எதைக் கூப்பிட்டு இயக்குகிறது என்று நான் படம் வரைய வேண்டும். அதைப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்து ஜெஞ்சாரோம் ஊரில் திறக்கும் புது டிப்போவில் போடுவார்கள். படம் சரியாக வந்தால்தான் மேலாளர் ஜீவன் சார் என் கான்ட்ராக்டை நீட்டிப்பார்.

ஜனவரி 20
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

ஜனவரி 29
முடித்தேன். ஒரு பகுதி மட்டும் தனியாக நிற்கிறது. பெயர் வெறும் எழுத்துக் குவியல். மென்பொருள் ஓடிய பதிவுகள் முழுக்கத் தேடியும் அதை யாரும் கூப்பிட்டதாக இல்லை. ‘செத்தது’ என்று எழுதிக் குறுக்கே அடித்தேன்.
“சூப்பர் லா! ரெண்டு வாரத்துல தூக்கிடுவோம்,” என்றார் ஜீவன் சார்.

பிப்ரவரி 7
என் கணவர் ஜைத், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார்.
“நோன்புக்கு உங்க ஆபீஸ் எத்தன மணிக்கு விடும்?”
மனைவியிடம் எந்தக் கணவனும் கேட்பதுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தேடிய பதிவுகள் போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு தொடங்குபவை. நோன்பு மாதம் அதில் இல்லவே இல்லை!
லேப்டாப்பைத் திறந்து மறுபடி படித்தேன். நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தில் லோரிகள் சாலையில் இல்லாதபடி ஓட்டத்தை மாற்றும் பகுதி அது. நிரலில் யாரும் கூப்பிடவில்லை. நோன்பு மாதம் பிறந்ததும் ஹிஜ்ரி நாட்காட்டி கூப்பிடுகிறது. சின்ன வயசுலேர்ந்து நோன்பு வைக்கிறவ — எனக்கே தோணலையே! வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 8
சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? வெறும் வயிற்றோடு, நெடுஞ்சாலையில், நோன்பு திறக்கும் நேரத்திலும் வண்டி ஓட்டிக்கொண்டு அந்த டிரைவருங்க... ஏன் இதுக்கு யோசிக்கிறேன் நான்?

பிப்ரவரி 9
சொன்னேன். ஜீவன் சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“மத்ததெல்லாம் சரியா?”
“தெரியல பாஸ். ஒரு வருஷம் முழுக்க ஓடினத நான் பார்க்கலயே.”
“அப்போ எத நம்பி ஜெஞ்சாரோம்ல போடுறது?”
அழிக்கும் வேலையை நிறுத்தச் சொன்னார். கான்ட்ராக்ட் பேச்சே எடுக்கவில்லை.

பிப்ரவரி 10
உறுதியில்லாத இடத்திலெல்லாம் ‘தெரியாது’ என்று எழுதினேன். பாதிப் படம் அப்படித்தான் இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 24
ஆபீஸிலேயே நோன்பு திறந்தேன். மஃரிப் பாங்கு ஒலிக்கச் சற்று முன் திரையில் லோரிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின — கிள்ளானில், ஷா ஆலமில். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜீவன் சார் கஞ்சி வாங்கி வந்து மேஜையில் வைத்தார். கூடவே ஜெஞ்சாரோம் டிப்போவின் நுழைவு அட்டை. என் புகைப்படம் போட்டது.
“‘தெரியாது’ன்னு போட்டிருக்கியே, அதெல்லாம் அங்கேருந்து பாரு. ஒரு வருஷம் ஆகும்ல?”
பாங்கு கேட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, “ஆகும் பாஸ்,” என்றேன்.