டச்சுக்காரன் மூக்கு

இன்று காலை முதல் ஷார்ஜாவில் புழுதிக்காற்று. யார்டுக்குப் பழுதுபார்க்க வந்த இழுவைப் படகின் இன்ஜின் அறைக்குள் இறங்கினேன். சூடான டீசல் வாடையும் மண் வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். நீ இல்லாமல் போன பிறகு வந்த முதல் புழுதிக்காற்று இது.

ரோலா பகுதியில் நம் இருவருக்கும் ஒரே ரூம், யார்டிலும் ஒரே டீசல் ஃபிட்டர் வேலை. மற்றவர்கள் போனில் சினிமா பார்ப்பார்கள். நீ பழைய நீர்மூழ்கிக் கப்பல்களைப் பார்ப்பாய். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் டச்சுக் கடற்படை கட்டிய ஒன்றின் மேல் உனக்குத் தனிப் பிரியம். அதுவரை பேட்டரி சார்ஜ் செய்ய நீர்மூழ்கிகள் மேலே வந்தாக வேண்டும்; டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டுமே. டச்சுக்காரர்கள் ஒரு நீண்ட குழாயை நீருக்கு மேல் நீட்டிவிட்டு, அடியிலேயே இன்ஜினை ஓட்டினார்கள். ‘டச்சுக்காரன் மூக்கு’ என்பது நீ அதற்கு வைத்த பெயர்.

“அலை அடிச்சா குழாய் வாயை வால்வு மூடிரும்லா? இன்ஜின் சும்மா இருக்குமா? உள்ள இருக்க காத்தையே இழுக்கும். ஆளுகளுக்குக் காது அடைச்சிரும்” என்று சோற்றைப் பிசைந்தபடியே சொல்வாய்.

“மொதல்ல சாப்பிடுடா, கப்பல் எங்கயும் போயிடாது” என்பேன்.

முன்பு ஒருநாளும் இப்படித்தான் காற்று. நீயும் நானும் ஒரு பாகிஸ்தானி வெல்டரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு படகின் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மண் இறங்குகிறதே என்று மேலே யாரோ காற்றுவழிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். சட்டென்று காது வலித்தது. மூச்சு முட்டியது. வெல்டர் கதவைத் தள்ளினார்; நானும் தோளைக் கொடுத்தேன். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அசையவே இல்லை.

“பாய், ஜல்தி! ஜல்தி!” என்று சீக்கிரம் வரச் சொல்லி அவர் அலறினார்.

நீ கதவுப் பக்கமே வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஜினிடம் ஓடி, அதை நிறுத்தினாய். சத்தம் அடங்கியது. ஏதோ இடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்துகொண்டது.

மேலே படகின் டெக்கில் மூவரும் மல்லாந்து கிடந்தோம். “யாரும் பூட்டலலே. இன்ஜின் காத்தை இழுத்த இழுப்புல கதவு ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு” என்றாய். “வீட்ல சொல்லிராத. அவ பயந்துருவா.”

சொல்லவில்லை. லீவில் தூத்துக்குடி போன இடத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. வந்து முகம் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. போன வாரம் உன் மனைவி போன் செய்தார்.

“அண்ணே, அவிய அங்க எப்படி இருந்தாவ? என்ட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டாவ.”

அன்று நடந்ததைச் சொன்னேன், முழுதாக.

“ஒருநாள் பட்டப்பகல்ல போன் பண்ணுனாவ அண்ணே. டூட்டி நேரத்துல பண்ணவே மாட்டாவ. இங்க ஒரே புழுதிக்காத்து, நீ ஏதாவது பேசிக்கிட்டே இரு, கேட்டுக்கிட்டு இருக்கேன்னாவ. நான் பாட்டுக்கு மீன் விலையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு நினைவு வந்தது. அன்று டெக்கில் எங்களை விட்டு விலகிப் போய்க் கைப்பிடிக் கம்பியோரம் நின்றிருந்தாய். சூப்பர்வைசர் போனில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். வலிக்கிற காதில் போனை அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், மண் விழ விழக் கண்ணை மூடி நீ கேட்டுக்கொண்டே நின்றாய். இப்போது என்னிடம் இருப்பது அந்த முகம்தான்.