சிங்கப்பூருக்குப் பதிலா பாங்காக்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுப்ரியாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் சுவேதா குட்டியும் அதே மாதிரி இருக்கணும். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா அம்மா பக்கத்துலயே இருக்கா, அவ முன்னாடி இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

கண்ணு, அடுத்த மாசம் நாங்க சிங்கப்பூர் வரலை. டூர்க்காரன் மாத்திட்டான். ஆள் சேரலையாம், சிங்கப்பூருக்குப் பதிலா பாங்காக், அதே அஞ்சு நாள், அதே ரேட்டு, கூட கப்பல்ல ஒரு வேளை சாப்பாடுன்னு பெருமையா வேற சொல்றான். நாங்க என்ன ஊர் பாக்கவா கிளம்பினோம், மூணாம் நாள் மத்தியானம் நாலு மணி நேரம் உங்க இஷ்டம்னு போட்டிருந்தான் பாரு, அதுக்காகத்தானே அந்த டூரையே பிடிச்சோம். பேத்தியைப் பொறந்ததுல இருந்து போன்லயே பாத்துட்டு இருக்கோம், அன்னிக்காவது மடியில வெச்சு சோறு ஊட்டலாம்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா.

தப்பு என்மேலதான். அவன் ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினான், நான் கையெழுத்து போட்டுட்டேன். கம்பெனியில முப்பத்தொரு வருஷம், ஷிஃப்ட் மாத்தியாச்சுன்னு சூப்பர்வைசர் தாளை நீட்டினா ஏன்னு கேக்காம போட்டுப் பழகின கை. மாத்தினதுக்குச் சம்மதம்னு அதுல இருந்திருக்கு. என்கூட வேலை பாத்த கோவிந்தப்பன், யூனியன்ல இருந்தவர், அதைப் படிச்சுட்டு தலையில அடிச்சுக்கிட்டார். போற ஊரையே மாத்தினா வேணாம்னு சொல்லி முழுப் பணத்தையும் திருப்பிக் கேக்கறது உன் உரிமைப்பா, அதை நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியேன்னார். அப்புறம் மனசு கேக்காம, புரியாத பாஷையில வாங்கின சம்மதம்தானே, கேட்டுப் பாக்கலாம்னு கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டுக்கு அவரே கூட்டிட்டுப் போனார். பாங்காக் போகலை, பணத்தைத் திருப்பிக் குடுன்னு மனு குடுத்தாச்சு. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியலை. அது முடிஞ்சாத்தான் மறுபடி நாங்க டிக்கெட் போட முடியும். நீ அனுப்பறேன்னு ஆரம்பிக்காதே, உங்க நிலைமை எனக்குத் தெரியும்.

அம்மா என்கூட பேசி ஒம்பது நாள் ஆச்சு. திட்டிட்டாக்கூட தேவலை. தட்டை வெச்சுட்டு உள்ள போயிடறா. சுவேதாவுக்குத் தைச்ச பாவாடை பெட்டியிலயே இருந்துச்சு, நேத்து எடுத்து, உள்மடிப்பு தையலைப் பிரிச்சு இறக்கி விட்டுட்டு இருந்தா.

குட்டிக்கு சளி பிடிக்காம பாத்துக்கோ. வாடகைத் தாளா இருந்தாலும் படிக்காம கையெழுத்து போடாதே, இந்த விஷயத்துல அப்பா மாதிரி இருக்காதே. மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க.

இன்னொண்ணு, மறந்துடாதே. குட்டியை நிக்க வெச்சு இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் அளந்து எழுது. இப்ப ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. நான் எழுதறதைப் பாத்துட்டு அம்மாதான் கேக்கச் சொன்னா. ஒம்பது நாள்ல அவ என்கிட்ட பேசினது இது மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா பாஸ்கரன்