4801

செவ்வாய், இரவு

தறியில் ஏற்றப்போகும் புதுப் பாவின் நீளவாட்டு இழைகளை எண்ணினேன். 4801 வந்தது. எந்த எண் வந்தாலும் அது பகா எண்ணா என்று பார்த்துச் சொல்வது மகள் கவிதாதான். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய் ஆறு மாதம். நான் பேசுவதில்லை. கோபமும் இல்லை, பழகிவிட்டது.

"இந்த அளவு நம்பருக்கு எழுபது வரைக்கும் வகுத்துப் பாத்தா போதும்பா" என்பாள். வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது.

"இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்றாள் மனைவி. தாளை மடித்து வைத்தேன். அந்த எண்ணை மட்டும் கவிதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பகா எண்தான்பா. ஆனா நம்ம பாவு 4800 ஆச்சே? ஒரு இழைய ரெண்டு தரம் எண்ணிட்டிருப்ப. கண்ணாடி இன்னும் மாத்தலையா?"

திரும்ப எண்ணினேன். 4800.

கண்ணாடி பழசுதான்.