செருப்பு கழற்றும் இடம்

சுண்ணாம்புக் கலவைக்காகக் கடுக்காய்த் தண்ணீரில் வெல்லம் ஊறும் வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மறுபடி எந்தச் சுவருக்கு?" என்று கேட்டாள். உன் சுவருக்குத்தான்டா. உன் பெயர் வெட்டிய சலவைக்கல்லைக் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்து இறக்கியிருக்கிறான் உன் மகன். நம் மெதடிஸ்ட் கோயிலில் அதை நான்தான் பதிக்க வேண்டுமாம். "சிமெண்டு வேணாம் மாமா, சுண்ணாம்புலயே வையுங்க. அப்பாவுக்கு அதான் புடிக்கும்" என்றான். நீ இறந்து ஒரு வருஷம் ஆகிறது. செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாய்.

அந்தக் கோயிலுக்குத் தென்னேரி ஏரி மண்ணை மிதித்துச் செங்கல் அறுத்தவர் உன் தாத்தா. சுண்ணாம்பு அரைத்தவர் என் தாத்தா. பகலெல்லாம் அடுத்தவன் வயலில் உழைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வந்து எழுப்பிய சுவர்கள். "முதல் கல்லுதான் வெள்ளைக்காரரு வச்சது, மீதியெல்லாம் நம்ம ஆளுங்க வச்சது" என்று கூட்டம் தவறாமல் சொல்வாய். அதே கோயிலுக்கு நீயே உபதேசியார் ஆனாய். போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வந்து அப்பமும் திராட்சை ரசமுமாக இராப்போஜனம் கொடுப்பார். மற்ற ஞாயிறெல்லாம் சபை உன் கையில்.

அறுபதுகளில் ஒரு ஆடி மாதம். என் தங்கைக்கு அம்மை போட்டுப் பத்து நாள் கண் திறக்கவில்லை. அம்மா முழங்காலில் நின்று ஜெபமும் செய்தாள், அம்மன் கோயிலுக்குப் போய்க் கூழும் வார்த்தாள். பிள்ளை பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில், ஏரிக்கரையில் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு, அம்மா கூழ் வார்த்ததை உன்னிடம் சொன்னேன். என் நண்பனிடம்தான் சொன்னேன். அவன் வாய்க்குள்ளே ஓர் உபதேசியார் உட்கார்ந்திருப்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எல்லோர் முன்னாலும் நின்று என் அம்மாவின் பெயரைச் சொன்னாய். "விக்கிரகத்துக்குக் கூழ் வார்த்தவங்க, போதகர் வந்து தீர்ப்பு சொல்ற வரைக்கும் உள்ள வரக்கூடாது." நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா கண்ணாலேயே என்னை உட்காரவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். கோயில் கட்டியபோது மிஞ்சிய கருங்கல் ஒன்று அங்கே கிடந்தது. அதைச் சுற்றித்தான் சனங்கள் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். அந்தச் செருப்புகளின் நடுவே உட்கார்ந்தாள்.

பிறகு வந்த ஞாயிறுகளிலும் அங்கேதான். "ஏம்மா இங்க வந்து உக்காந்துக்கினு இருக்க, வீட்லயே இரேன்" என்பேன். "இங்க காத்து நல்லா வருதுபா. பாட்டும் கேக்குது" என்பாள். போதகர் வருவதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது இறந்துபோனாள். அப்பமும் ரசமும் அவள் வாய்க்கு எட்டவே இல்லை. அடக்க ஆராதனை நடத்தியதும் நீதான். குழியருகே என் தோளில் கை வைத்தாய், தட்டிவிட்டேன். அதோடு நமக்குள் பேச்சு முறிந்தது.

நான் ஊரைவிட்டுப் போய், காஞ்சிபுரத்துக் கோபுர வேலைகளில் சுண்ணாம்பு அரைத்துக் கொத்தனார் ஆனேன். ஏழெட்டு வருஷம் கழித்து நம் கோயிலின் பின்சுவர் பிளந்தது. மொத்தமாக இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டலாம் என்று சபையில் பாதிப்பேர் கிளம்பினார்கள். நீ சோறு தண்ணீர் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து தடுத்தாய். அதை நான் மறுக்கவில்லை. பிறகு என்னைத் தேடி வந்தாய்.

"பழைய சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் இருக்குற. நீ மாட்டேன்னா இடிச்சுடுவானுங்க."

"செய்றேன். கூலி வேணாம். பின்சுவர மட்டும் என் இஷ்டத்துக்கு எழுப்புவேன். ஏன்னு கேக்கக் கூடாது."

பிளந்த சுவரைப் பிரித்தேன். அதே பழைய செங்கல்லைக் கொண்டே ஆறடி தள்ளி எழுப்பினேன். அம்மா உட்கார்ந்த கல் கோயிலுக்குள் வந்துவிட்டது. தளம் போட்டபோது அதை மூடாமல் நான்கு விரற்கடை உயரம் துருத்திக்கொண்டு நிற்க விட்டேன். "காலைத் தடுக்குதேடா, எடுத்துடேன்" என்றாய். "தடுக்கட்டும்" என்றேன்.

அந்த வேலையோடு நானும் ஊரிலேயே தங்கிவிட்டேன். பல வருஷம் கழித்து, சைக்கிளிலிருந்து விழுந்து உன் இடுப்பு ஒடிந்தபின், கடைசி வரிசையில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலி போட்டார்கள். இராப்போஜனத்துக்கு எல்லோரும் முன்னே போய் முழங்காலிடுவார்கள். உனக்கு மட்டும் போதகர் பின்னால் வந்து கொடுப்பார். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதையும் நீ கெடுத்தாய். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து, "இது உங்கம்மா உக்காந்த கல்லுதானே. நீ சுவர தள்ளனப்பவே தெரியும்டா. முன்ன வரைக்கும் நடக்க என்னால முடியும். நான்தான் இங்க நாற்காலி போடச் சொன்னேன்" என்றாய். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. உனக்கான தண்டனையையும் நீயே விதித்துக்கொண்டாய், அதிலும் உபதேசியாராகவே இருந்தாய். என் பழியில் பாதி அன்றே போயிற்று. அடுத்த இராப்போஜனத்துக்கு நீ இல்லை.

மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. சுண்ணாம்பு வருஷம் போகப்போகத்தான் இறுகும், என் கோபமும் அந்த ரகம். சலவைக்கல்லில் "இவ்வாலயத்தைக் காத்தவர்" என்று வெட்டியிருக்கிறார்கள். உண்மைதான். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று உன் மகன் கேட்டான். "பின்பக்கம் வெளிச்சுவர்ல வச்சாதான்பா வர்ற சனமெல்லாம் பாக்கும்" என்றேன். அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

சுவர் நகர்ந்தபோது செருப்பு கழற்றும் இடமும் கூடவே நகர்ந்துவிட்டது. இப்போது அந்த வெளிச்சுவர் ஓரமாகத்தான் கழற்றுகிறார்கள். நாளைக் காலை அதற்கு நேர் மேலே உன்னைப் பதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பெயருக்குக் கீழே முதல் ஜோடி என்னுடையதாக இருக்கும்.

வருத்தப்படாதே. அங்கே காற்று நன்றாக வரும். பாட்டும் கேட்கும்.