அந்தத் தாளைக் காட்டமாட்டேன், அத்தை

என் செல்லச் சண்டைக்காரி டாக்டர் அத்தைக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அங்கே கொசு உண்டா? இருந்தால் இந்நேரம் அதைப் பிடித்து, எந்தச் சாக்கடையில் பிறந்தாய் என்று விசாரித்திருப்பீர்கள். இங்கே பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காதே. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு திருட்டுச் செய்துவிட்டேன். உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருடிவிட்டேன்.

உங்களைப் பத்தே நாளில் கொண்டுபோனது நிமோனியா. மருத்துவமனை எழுதிக் கொடுத்ததும் அதுதான். ஊர் மட்டும் வேறு நோயை எழுதிக்கொண்டது. "எய்ட்ஸ் டாக்டர் லா, கடைசில அவங்களுக்கே ஒட்டிக்கிச்சாம்" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு. கலக்கி வைத்த காப்பி அப்படியே ஆறிப்போனது. உங்கள் காலடியில் விழுந்து அழுதவர்கள்கூட ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தார்கள். "பாசிட்டிவா இரும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களும் அவர்களேதான். ரத்தம் பாசிட்டிவ் என்றால்தான் அவர்களுக்குக் கால் வெளியே ஓடுகிறது.

இவர்களுக்கா இத்தனை வருடம் உழைத்தீர்கள்? எழுபதுகளில் பயிற்சி டாக்டராகக் கிள்ளானில் இருந்தபோது, வாந்திபேதி என்று யாராவது வந்தால் போதும், பண்டமாரானில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் நீங்கள். எண்பதுகளில் அந்தப் புதிய நோய் வந்தது. மற்றவர்கள் வார்டு கதவருகே நின்று கேள்வி கேட்டார்கள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டீர்கள்.

கையில் உருப்படியான மருந்து இல்லாத காலம் அது. அந்த நோயாளிகளை முந்திக்கொண்டு கொல்வது காசநோய், அதையாவது வராமல் தடுக்கலாமே என்று ஆராய்ச்சியில் இறங்கினீர்கள். யாருக்கு எடை குறைந்தது, யாருக்கு இருமல், யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்தார் என்று வருடக்கணக்கில் எழுதினீர்கள். சுத்தமான ஊசி கொடுத்தால் நோய் பரவாது என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, போதைப்பித்தர்களுக்குத் துணைபோகிறவர் என்ற திட்டோடு வீடு வந்தீர்கள். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் படுத்துக் கிடப்பவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று மாநாட்டில் கேட்டுவிட்டு வந்த அன்று, சமையலறையில் ஆடினீர்களே, ஞாபகமா? அதை ஆட்டம் என்று நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் இதைவிட நளினமாக ஆடும்.

நடுவில் ஒருநாள், நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலிலேயே குத்திவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் முடிவு உறுதியாகும் என்றார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த ஆறு மாதமும் கழிந்தபின், செராஸ் போகும் வழியில் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது கேட்டே விட்டேன்.

"அத்தை, உங்களுக்கு அது இருக்கா, இல்லையா?"

"யாரு கேக்கச் சொன்னா? உங்கப்பாவா?"

"நானேதான். இருந்தா, உங்க ரூம் எனக்குத்தானே?"

ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தீர்கள். "ரிசல்ட் வந்துடுச்சு. ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன்? ரகசியமா?"

"நான் இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டா, ஆமான்னு சொல்ல வேண்டியவங்க எங்கடி போவாங்க?"

அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி, உங்கள் பதினாறாம் நாளன்று புரிந்தது.

மாலதி அக்காவுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பேசியிருந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போனதும் மாப்பிள்ளையின் பெரியப்பா போன் செய்தார். "பொண்ணு வீட்டுல அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?" என்றார். அப்பா உங்கள் அலமாரியை உருட்டி அந்தத் தாளைக் கண்டுபிடித்தார். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்பா விசிலடித்துக்கொண்டே கடைக்கு ஓடினார். அதைத் தவிர வேறெதையும் என் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

கடைக்கு எதற்கு? லேமினேட் செய்யத்தான்! நம் குடும்பத்தில் பிளாஸ்டிக் உறை போட்டால்தானே எதுவும் உண்மை ஆகும்? என் பாலர் பள்ளி ஓட்டப்பந்தயச் சான்றிதழ் இன்னும் ஹாலில் தொங்குகிறது, மூன்று பேர் ஓடி மூன்றாவதாக வந்ததற்கு. அந்த வரிசையில் உங்கள் ரத்தத்தையும் சேர்த்தார். சட்டம் போட்டு, மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே மாட்டினார். கருமாதிக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் படித்துப் போகலாமாம்.

உங்கள் நோயாளிகளும் வருவார்களே என்று யோசித்தேன். அவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று எதைக் கும்பிடுவார்கள்?

பதினாறாம் நாள் காலையில் எல்லாரும் கூடாரத்தில் மேசை போடும்போது தாளை உருவினேன். காலிச் சட்டம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? கைக்கு அகப்பட்ட என் பள்ளித் தேர்ச்சி அட்டையைச் செருகிவிட்டேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கும்பிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மத்தேமத்திக் முப்பத்தொண்ணு... வகுப்புல வாய் அதிகம்... என்னங்க இது? ரத்தத்துல இதெல்லாமா பாக்கறாங்க?"

கூடாரமே திரும்பிப் பார்த்தது. "தீபா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் குருக்களின் மந்திரம் நின்றுவிட்டது.

"தாள் எங்க?"

"தர மாட்டேன்ப்பா."

"உங்கக்கா வாழ்க்கைடி!"

பதில் எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அத்தை. நான் ஆரம்பிப்பதற்குள் பெரியப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, "மறைக்கிறீங்கன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நேராவே கேக்கறேன். அந்தம்மாவுக்கு இருந்துச்சா, இல்லையா?" என்றார்.

கூடாரத்தின் ஓரத்தில் உங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றிருந்தார்கள். அதிலிருந்து பண்டமாரான் மணியம் அண்ணன் முன்னால் வந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், நீங்கள் எழுந்து நடக்க வைத்தவர்களில் ஒருவர்.

"செத்தவங்கள எதுக்கு அங்கிள் கேக்கறீங்க? எனக்கு இருக்கு. என்னைக் கேளுங்க."

அவர் வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே அவரோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் பெரியப்பாவின் வேனில் வந்திருந்தார்கள். என் சேட்டைக்கு நான்தான் அடி வாங்குவேன் என்று நினைத்திருந்தேன். அடி அவர்மேல் விழுந்தது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் காதைத் திருகியிருப்பீர்களா? அவருக்கு நாற்காலி போட்டிருப்பீர்களா?

நாற்காலி போட்டது மாலதி அக்கா. கரப்பான் பூச்சிக்கே அலறுகிற நம் மாலதி அக்கா! மணியம் அண்ணனின் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்து, இலை போட்டு, அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"மாலதி, யோசிச்சுப் பண்ணும்மா," என்றார் பெரியப்பா.

"யோசிச்சிட்டேன் அங்கிள். உங்களுக்கும் இலை போடட்டா?"

வேன் கிளம்பிப் போய்விட்டது. கிள்ளானிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மாப்பிள்ளை தானாக ஒரு போன் செய்வாரா என்று அக்கா காத்திருக்கவில்லை என்கிறாள். போன் மணி அடித்தால் மட்டும் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறாள்.

மறுவாரம் மணியம் அண்ணனின் முதலாளி லோரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதுவரை என்னோடு பேசாமலிருந்த அப்பா ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு," என்றார். எங்கே என்று கேட்கப் பயம், லோரி முதலாளியிடம்தான் என்று ஊகித்தேன். தாளைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். அதை வைத்தாவது சாவியை வாங்க முடியுமென்றால் கொடுத்துவிடலாம் என்று ஒரு கோழை நினைப்பு. மன்னித்துவிடுங்கள்.

முதலாளி மேசையிலிருந்து எழவே இல்லை. "ஒங்க தங்கச்சிக்கும் அதானாமே? அதான் இவனுக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். நான் ஜிப்பில் கைவைத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அதை நான் சொல்ல மாட்டேன், போஸ்," என்றார். "சாவியைக் குடுங்க."

சாவி இன்னும் வரவில்லை, அத்தை. நாளையும் போகிறோம். அக்காவும் வருகிறாள், நாளை மறுநாள் உங்கள் வார்டு நர்ஸ் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மணியம் அண்ணன் மறுபடி அந்த லோரியில் ஏறும்வரை அந்த வாசலை விடமாட்டோம். இது வாக்கு. வாய் அதிகம் என்று பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த வாயை அங்கேதான் செலவழிக்கப் போகிறேன்.

உங்கள் அறையை ஒருவழியாகப் பிடித்துக்கொண்ட,
உங்கள் அண்ணன் மகள்
தீபா